வேலையற்ற நாட்களும் வேலை நாட்களே

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ஆம் தேதி பிறந்ததும் ராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் நங்கூரமிட்டு நின்றுவிடுகின்றன. மீன் முட்டையிட்டுப் பெருகும் பருவமாதலால் ஜூன் 14 வரை 61 நாட்கள் அவை கடலுக்குச் செல்லலாகாது என்பது சர்க்கார் உத்தரவு. 2001-ஆம் ஆண்டில் 45 நாட்களாக ஏற்பட்ட இந்தத் தடை 2017-இல் 61 நாட்களாக நீட்டப்பட்டது. இவ்விரண்டு மாதமும் விசைப்படகுத் தொழிலாளி சட்டப்படி வேலையற்றவன். அவன் குடும்பத்துக்கு அளிக்கும் நிவாரணத் தொகை 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. நாட்கணக்கில் பங்கிட்டால் தினம் 131 ரூபாய். ஒரு குடும்பம் பிழைக்க இது போதுமா என்று நாம் கேட்க வேண்டியதில்லை.

ஆயினும், அந்நாட்களில் கரைப்பக்கம் சென்று பார்ப்பவர் அங்கே சோம்பலைக் காணமாட்டார். படகுகள் கரையேற்றப்பட்டு, அடிப்புறத்தில் படிந்த சிப்பியும் பாசியும் சுரண்டப்படுகின்றன. தச்சர் உளுத்த பலகையை மாற்றுகிறார், பலகை இடுக்குகளில் கலப்பத்து அடிக்கப்படுகிறது, எஞ்சின் பிரிக்கப்பட்டுத் தேய்ந்த உறுப்புகள் மாற்றப்படுகின்றன, வர்ணம் பூசப்படுகிறது. நிழல் கண்ட இடமெல்லாம் வலையை விரித்துக் கிழிசல் பார்க்கிறார்கள். சிலர் நாட்டுப்படகுகளில் கூலிக்குச் செல்கிறார்கள். சிலர், மேற்குக் கரையில் தடை தொடங்குமுன் கேரளத்துக்குப் போய்ச் சில வாரம் சம்பாதித்துத் திரும்புகிறார்கள். தடைக்காலத்தில் செய்த வேலையின் பலன் அடுத்த பத்து மாதமும் கடலில் தெரிகிறது. அந்தக் காலத்தை வீணே கழித்தவனுடைய படகு புயலில் அல்ல, அமைதியான நாளிலேயே அவனைக் கைவிடுகிறது.

படித்துவிட்டு வேலை தேடி நிற்கும் நமது வாலிபர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அதனைச் சற்று விரிவாகச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

முடிவு தெரியாத தடை

மீனவனுக்கும் வேலை தேடும் பட்டதாரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். மீனவனுக்குத் தன் தடை எந்தத் தேதியில் முடியும் என்று தெரியும். பட்டதாரிக்குத் தெரியாது. தேதி தெரிந்த துன்பத்தை மனிதன் எளிதில் பொறுப்பான். தேதி தெரியாத துன்பம் அவன் முதுகெலும்பையே முறித்துவிடுகிறது.

ராமநாதபுரம் ஜில்லா வானத்தை நம்பிய பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் அதுவுமில்லை. பெரிய ஆலைகள் இல்லை. 2018-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தனிக் கவனம் செலுத்துவதற்கென்று இந்தியா முழுவதிலும் நூற்றுக்குச் சற்று அதிகமான ஜில்லாக்களைப் பொறுக்கி எடுத்தபொழுது, தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமுமே அப்பட்டியலில் இடம்பெற்றன. கடலோ நிம்மதி தருவதாயில்லை. 1974, 1976-ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக் கோட்டைத் தாண்டினாரென்று மீனவர் சிறைபிடிக்கப்படுவதும், படகுகள் பறிமுதலாவதும் பல்லாண்டுகளாக இக்கரை அறிந்த துயரம். ஆகவே, “என்னோடு இந்தக் கஷ்டம் போகட்டும்” என்று தகப்பன் மகனைக் கல்லூரிக்கு அனுப்புகிறான். மகன் பட்டத்தோடு வீடு திரும்புகிறான். அதன் பின்?

அதன் பின் பெரும்பாலும் சர்க்கார் பரீட்சை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூனில் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர் 20 லட்சத்துக்கு மேல். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு அதிகம். 2022 ஜூலை 24-இல் நடந்த அதே தேர்வின் முடிவு 2023 மார்ச் 24-இல்தான் வெளிவந்தது. எட்டு மாதம்! அந்த எட்டு மாதமும் தேறுவோமா மாட்டோமா என்ற ஊசலாட்டத்தில் ஓர் வாலிபன் என்ன செய்கிறான் என்பதே நாம் கேட்கும் கேள்வி. அவனுக்கு வேலை இல்லை என்பது அவன் குற்றமன்று. ஆனால் அவனுடைய நாள் எப்படிக் கழிகிறது என்பது பெரிய அளவில் அவன் கையிலும், ஓரளவு நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.

ஓய்வு தானாகப் பயன்படாது

“வேலைதான் இல்லையே, நேரம் நிறைய இருக்கிறது, எதை வேண்டுமானாலும் படிக்கலாமே” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இது அனுபவத்துக்கு ஒத்துவராத பேச்சு. ஆஸ்திரியா தேசத்தில், வியன்னா நகரத்துக்கு அருகே மரியெந்தால் என்றொரு சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே நூற்பாலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது 1930-ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. மாரி யஹோதா, பால் லாஸர்ஸ்பெல்ட், ஹான்ஸ் ஸைஸல் என்ற மூன்று ஆராய்ச்சியாளர் அவ்வூர் ஜனங்கள் எப்படிக் காலங்கழிக்கிறார்கள் என்று அளந்து பார்த்து, 1933-இல் நூலாக வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது யாதெனில்: ஊர் நூல் நிலையத்தில் புஸ்தகம் எடுப்பதற்கு இருந்த கட்டணம் நீக்கப்பட்டும், 1929-க்கும் 1931-க்கும் இடையே வெளிச்சென்ற புஸ்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. நேரம் பெருகிற்று, படிப்பு சுருங்கிற்று! ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்தது. நாலடிக்கு ஒருமுறை நின்றார்கள். கடிகாரம் அணிவதையும் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். இன்று என்ன செய்தாய் என்று கேட்டால் அவர்களால் நாளைக் கணக்குச் சொல்ல முடியவில்லை. பெண்களோ, சம்பளம் போயும் அடுப்பும் குழந்தையும் இருந்தபடியால், காலத்தின் பிடியை இழக்கவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது மிகப் பெரிய விஷயம். வேலை என்பது சம்பளம் மட்டும் தருவதன்று. விடிந்தால் எழுவதற்கு ஒரு காரணம், நாலு பேரோடு கலந்து பழக ஓர் இடம், இன்னான் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர், பொழுதுக்கு ஒரு வரம்பு ஆகிய இத்தனையையும் அது தருகிறது. வேலை போனதும் அந்த வரம்புகள் இடிகின்றன. கரை உடைந்த கண்மாயில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் நில்லாததுபோல, வரம்பற்ற பொழுதில் எவ்வளவு நேரம் இருந்தாலும் காரியம் நில்லாது. ஆனபடியால் வேலை தேடுகிறவன் முதலில் செய்ய வேண்டியது விண்ணப்பம் எழுதுவதன்று; தன் நாளுக்குக் கரை போடுவதே.

இம்மண்ணுக்குத் தெரிந்த வித்தை

இது இந்தப் பூமிக்குப் புதிய உபதேசமன்று. ஒரு வேலை ஓய்ந்த இடத்தில் மற்றொன்றை நடுவது இம்மக்களின் பழைய பழக்கம். வயலில் ஈரம் வற்றும் கோடையில் சாயல்குடிப் பக்கத்தில் பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். ஆண்டில் பல மாதம் வேலையற்றிருக்கும் விவசாயியின் அந்த ஓய்வே அவன் வறுமைக்கு ஒரு காரணம் என்று கண்டுதான் மகாத்மா காந்தி கைராட்டையை அவன் முன் வைத்தார் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கடற்பாசி எடுக்கும் பெண்களின் ஒழுங்கு இன்னும் வியக்கத்தக்கது. மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் பாசி எடுக்கக் கடலில் இறங்குவதில்லை என்று அவர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். பாசி மறுபடி தழைக்க வேண்டும் என்பது அதன் காரணம். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ஆம் ஆண்டில் ஸீகாலஜி என்ற சர்வதேச ஸ்தாபனத்தின் விருது கிடைத்தது. எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் ஓய்வு என்று தாமே வகுத்து நடக்கும் இப்பெண்களில் பலர் பள்ளிக்கூடத்தை அதிகம் அறியாதவர்கள். பல்கலைக்கழகம் சென்று வந்தவன் தன் ஒரு நாளை வகுத்துக்கொள்ள முடியாது என்று சொல்வது அழகாகுமா?

ராமேசுவரத்துப் பிள்ளை ஒருவர்

ராமேசுவரத்தைப் பற்றிப் பேசும்போது டாக்டர் அப்துல் கலாமைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் வழக்கமாகச் சொல்லும் முறையில் நாம் சொல்லப்போவதில்லை. 1939-இல் யுத்தம் மூண்டபோது அவருக்கு எட்டு வயது. புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது; பொறுக்கிச் சேர்த்துக் கடையில் விற்றால் நாளுக்கு ஓரணா. பின்னர் ராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டு, ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிந்தபொழுது, அவற்றைப் பிடிக்கத் தம் உறவினருக்கு உதவியாளானார். கண் முன்னே தோன்றிய தேவையைக் கண்டு கை நீட்டிய பழக்கம் அது.

1958-ஆம் ஆண்டில் அவர் வேலை தேடி வடக்கே சென்றார். டேராடூனில் விமானப்படைத் தேர்வு. இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்துக்கொள்ளப்பட்டவர் எண்மர். இளமைக் கனவு ஒரே இடத்தில் தவறிப்போயிற்று. மனமுடைந்து ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரிடம் ஆறுதல் பெற்றார் என்பதை எல்லோரும் சொல்வர். நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. டேராடூனுக்குப் போகுமுன்பே அவர் டில்லியில் பாதுகாப்பு இலாகாவின் தொழில்நுட்பப் பிரிவில் இன்னொரு நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தார். திரும்பி வந்தபோது அங்கே நியமன உத்தரவு காத்திருந்தது. அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். பிற்கால ராக்கெட் விஞ்ஞானி உருவானது அந்த இரண்டாவது வாசலில்தான்.

எல்லோரும் கலாம் ஆகிவிட முடியாது, ஆக வேண்டியதுமில்லை. இருபத்தைந்தில் எட்டு என்பது வேறு, முந்நூறில் ஒன்று என்பது வேறு. ஆனால் ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்பவனுக்கும் இரண்டு கதவுகளைத் தட்டியவனுக்கும் உள்ள பேதம் எக்காலத்துக்கும் உண்மையானது.

செய்ய வேண்டியது என்ன?

வாலிப நண்பர்களுக்குச் சில யோசனைகளைக் கூறுகிறோம். நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை நான்கு மணி நேரம் படிப்புக்கும் விண்ணப்பத்துக்கும். பிற்பகல் மூன்று மணி நேரம் ஏதேனும் ஒரு கைவேலைக்கு. எஞ்சின் பழுது பார்த்தல், மின்சார வேலை, கணக்குப் பதிவு, தட்டெழுத்து, கணினி, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லுதல் ஆகியவற்றில் எது கிட்டுமோ அது. கடலோரத்தவர்க்கு மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்க்கும் தொழிலும் உண்டு. ஒரு முறை பயிரிட்டு எடுக்க 45 நாட்களே ஆகும். மாலை ஒரு மணி நேரம் ஊருக்கு. பெரிய வருமானம் வராமற் போகலாம். வீட்டில் உப்புக்கும் எண்ணெய்க்கும் அது உதவும்; அதைவிட முக்கியமாக, “நான் சும்மா இருப்பவன்” என்ற எண்ணம் நெஞ்சில் வேர்விடாமல் தடுக்கும்.

ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்கு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தோம், என்ன பதில் வந்தது, எதனால் தவறிற்று என்று ஞாயிறுதோறும் எழுதுங்கள். ஒரே குறை மூன்று இடங்களில் காட்டப்பட்டிருந்தால், வலையில் கிழிசல் எங்கே என்று தெரிந்துவிட்டது, அதைத் தையுங்கள். இங்கிலீஷ் பேச வராமையா, கணக்கா, கணினிப் பழக்கமா, எதுவானாலும் மூன்று மாதம் விடாமல் உழைத்தால் பெரிதும் திருந்தக் கூடியதே.

எல்லாவற்றிலும் கடினமான யோசனையை இறுதியாகச் சொல்கிறோம். உங்கள் தடைக்கு நீங்களே ஒரு முடிவுத் தேதி குறியுங்கள். சர்க்கார் பரீட்சையை மட்டும் நம்பி இருப்பது இத்தனை ஆண்டு, இத்தனை முயற்சி என்று வரையறுங்கள். அந்தத் தேதி வந்ததும் கிடைத்த தொழிலில் முழு மனதோடு இறங்குங்கள். விருப்பமிருந்தால் பரீட்சையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வயதில் தொடங்கிய காத்திருப்பு முப்பத்திரண்டில் முடிவது தியாகமன்று, அது நஷ்டம்.

இரண்டு வலைகள்

சும்மா இருப்பவனைத் தேடி இக்கரையில் இரண்டு வலைகள் விரிக்கப்படுகின்றன. முதலாவது, வெளிநாட்டு வேலை என்ற பெயரால் விரிக்கப்படுவது. கீழக்கரையிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குச் சென்று நாணயமாக உழைத்துக் குடும்பத்தை உயர்த்தினோர் பலர். அந்த வழியை நாம் குறை கூறவில்லை. ஆனால் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது விதி. லட்சக்கணக்கில் கேட்பவன் வேலை விற்கவில்லை, ஆசையை விற்கிறான். 2022-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர் சிலர் மியன்மாரில் மோசடிக் கும்பலிடம் அடைபட்டு, பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டதை மறந்துவிடக் கூடாது. பணம் கொடுக்குமுன் ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய சர்க்காரின் குடிபெயர்வோர் இணையப் பதிவில் சரிபார்ப்பது ஐந்து நிமிஷ வேலை.

இரண்டாவது வலை இதனினும் கொடியது. கடல் அட்டை, கஞ்சா, பீடி இலை ஆகியவற்றை இலங்கைக்குக் கடத்துவதும், அங்கிருந்து தங்கம் கொண்டுவருவதுமான இருட்டு வியாபாரத்துக்குக் கூலியாட்கள் தேவை. ஒரே இரவில் ஒரு மாதச் சம்பளம் என்று ஆசை காட்டுகிறார்கள். 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் உள்ளது; குற்றம் நிரூபணமானால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வழக்கு ஒன்று பதிவானால் பாஸ்போர்ட்டும் சர்க்கார் வேலையும் கானல் நீராகும். முதலாளி பிடிபடுவதில்லை, மூட்டை தூக்கியவனே பிடிபடுகிறான். ஒழுங்கான பொழுதுபோக்கு இல்லாத இளைஞனைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

நம் அனைவரின் கடமை

பாரம் முழுவதையும் வாலிபன் தோளிலேயே ஏற்றிவிடுவது நியாயமன்று. வேலை வாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்குச் சர்க்கார் அளிப்பதென்று ஏற்படுத்திய உதவித்தொகை மாதம் 600 ரூபாய், அதுவும் மூன்றாண்டுகளுக்கு. நாளொன்றுக்கு இருபது ரூபாயில் ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சென்று ஒரு நேர்முகத் தேர்வுக்கு நிற்க முடியுமா? இத்தொகை உயர்த்தப்பட வேண்டும். காத்திருக்கும் ஐந்தாண்டு குறைக்கப்பட வேண்டும். தேர்வாணையம் பரீட்சைத் தேதியை முன்கூட்டி வெளியிடுவதுபோல, முடிவுத் தேதியையும் வெளியிட்டு அதற்குக் கட்டுப்பட வேண்டும். தேதி தெரிந்தால் பாதித் துன்பம் தீரும் என்று மேலே சொன்னோம்.

பெற்றோரும் சுற்றத்தாரும் “இன்னும் வேலை கிடைக்கவில்லையா?” என்ற கேள்வியை நிறுத்தட்டும். “இன்று என்ன செய்தாய்?” என்று கேட்கட்டும். பட்டம் பெற்ற மகன் பட்டறையில் சம்மட்டி பிடிப்பதைக் கௌரவக் குறைவாக எண்ணும் வீடு, அவன் திண்ணையில் படுத்திருப்பதைக் கௌரவமென்று எண்ணுகிறதா? பட்டம் பெற்ற பெண்ணின் காத்திருப்பை வெறுமனே கல்யாணத்துக்கு முந்திய இடைவெளி என்று கருதுவதும் ஒழிய வேண்டும். அவளுக்கும் தன் நாளும் தன் தொழிலும் வேண்டும்.

பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. தேசிய இயக்கத்தின் நாட்களில் வாசகசாலை இல்லாத ஊரில் தொண்டர்கள் முதலில் ஒரு வாசகசாலையைத் திறந்தார்கள். இன்று கூட்டத்துக்கும் கொடிக்கும் வேலையற்ற இளைஞர்களை அழைத்துச் செல்கிறவர்கள், கூட்டம் முடிந்த மறுநாள் அவர்களைப் பற்றி நினைப்பதுண்டா? ஊருக்கு ஓர் அறை, ஒரு விளக்கு, நாலு பெஞ்சு, பரீட்சைப் புஸ்தகங்கள், சரியான தகவல் சொல்ல ஒரு மூத்தவர் இருந்தால் போதும். ஓய்வு பெற்ற உபாத்தியாயர்களும் குமாஸ்தாக்களும் எந்த ஊரில் இல்லை? இதற்கு லட்சங்கள் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

நாட்டின் செல்வங்களுள் சேமித்துவைக்க முடியாதது ஒன்றே. அது வாலிபரின் பொழுது. இன்று செலவாகாமற் போன நெல் நாளைக்கு உதவும். இன்று வீணான பகல் நாளைக்கு உதவாது. உத்தியோகம் தருவது பிறர் கையில் இருக்கலாம். உழைப்பு ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது. வேலை வரும் நாளில், அதைத் தாங்கக்கூடிய கையோடும் தெளிந்த கண்ணோடும் நிற்பவனே அதைப் பெறுவான், பெற்றபின் காப்பான். அத்தகைய கைகளை இன்றே பழக்கத் தொடங்குமாறு ராமநாதபுரத்து இளைஞர்களையும், அவர்களுக்குத் துணை நிற்குமாறு அவ்வூர்த் தொண்டர்களையும் நாம் வேண்டிக்கொள்கிறோம்.